டர்போவில் செய்த ஜெட்டுக்கு எத்தனை பெரிய பம்ப்?

(கோயம்புத்தூரில் இயந்திரவியல் மாணவர்களும் பட்டறைத் தொழில் செய்வோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள். கோவைக்கு வந்து பம்ப்பைப் பற்றிப் பேசுவதும் ஏறக்குறைய அந்தக் கதைதான். இந்த ஊரில் ஒரு விவசாயி பம்ப்செட் வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டே கேள்விதான் கேட்பார். எத்தனை அடி ஹெட்? எவ்வளவு டிஸ்சார்ஜ்? பதில் வந்ததும் பம்ப் முடிவாகிவிடும். லாரி டர்போவை வைத்து வீட்டுப் பட்டறையில் ஜெட் எஞ்சின் செய்பவருக்கும் இதே இரண்டு கேள்விகள் உண்டு. அவருக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது: மிகக் குறைவாக எவ்வளவு வேண்டும்? பெரும்பாலோர் அதைக் கேட்பதில்லை. கேட்காமல் வாங்கிய பம்ப்தான் டர்பைன் சக்கரத்தைத் தின்கிறது. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த மூன்றாவது கேள்வியை ஒட்டித்தான்.

முதலில் எஞ்சினை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். ஒன்று காற்றை இழுத்து அழுத்தும் கம்ப்ரஸர். மற்றொன்று சூடான புகையால் சுழலும் டர்பைன். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லாரியில் இந்த இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே எஞ்சின் இருக்கிறது. அந்த எஞ்சினை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஓர் எரிகலனை வைத்துக் காற்றோடு மண்ணெண்ணெயைச் சேர்த்து எரித்தால், அதுவே ஒரு ஜெட் எஞ்சின். டர்போவுக்கும் ஜெட்டுக்கும் உள்ள இந்த உறவு சாதாரணமானதல்ல. பிரிட்டனில் ஃபிராங்க் விட்டில் உருவாக்கிய ஜெட் எஞ்சினை 1941-இல் அமெரிக்காவில் செய்யத் திட்டமிட்டபோது, அந்த வேலை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குப் போனது. விமான எஞ்சின்களுக்கு டர்போ செய்து அவர்கள் பெற்றிருந்த அனுபவமே அதற்கு முக்கியக் காரணம்.

இப்போது டிஸ்சார்ஜ் கேள்விக்கு வருவோம். பலர் இங்கேயே தலைகீழாகத் தொடங்குகிறார்கள். "எனக்கு இத்தனை கிலோ உந்துவிசை வேண்டும், அதற்கு எவ்வளவு எண்ணெய்?" என்கிறார்கள். உந்துவிசையை முடிவு செய்வது நீங்கள் அல்ல, உங்கள் கையில் இருக்கும் டர்போ. அது எவ்வளவு காற்றைக் கடத்தும் என்பதே முதல் எண். தயாரிப்பாளர் தரும் கம்ப்ரஸர் வரைபடத்தில் படுக்கைக் கோட்டில் காற்றின் அளவும் செங்குத்துக் கோட்டில் அழுத்த விகிதமும் இருக்கும். அதில் செயல்திறன் நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடுத்தர டர்போவை எடுத்துக் கணக்குப் போடுவோம். காற்று நொடிக்கு 0.25 கிலோ, அதாவது வரைபடங்களில் வழங்கும் கணக்கில் நிமிடத்துக்கு 33 பவுண்டு. அழுத்த விகிதம் 2.5. கம்ப்ரஸர் செயல்திறன் 72 சதவீதம். வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ். இந்தக் காற்று அழுத்தப்பட்டு வெளியே வரும்போது 156 டிகிரியில் இருக்கும். அந்த வேலைக்கு மட்டும் சுமார் 32 கிலோவாட் வேண்டும். ஒரு சின்னக் காரின் எஞ்சின் தரும் சக்தியை உள்ளங்கை அகலச் சக்கரம் விழுங்கிக்கொள்கிறது.

டர்பைனுக்குள் நுழையும் வாயு 750 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். டீசல் டர்போவுக்கு இது நியாயமான எல்லை. அப்படியானால் எரிகலனில் காற்றின் வெப்பநிலை 594 டிகிரி உயர வேண்டும். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.1 கிலோஜூல். ஆக ஒரு கிலோ காற்றுக்கு 653 கிலோஜூல். ஒரு கிலோ மண்ணெண்ணெய் முழுமையாக எரிந்தால் 43,000 கிலோஜூல் தரும். வீட்டில் செய்த எரிகலனில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால் 38,700. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு கிலோ காற்றுக்கு 17 கிராம் எண்ணெய். நம் 0.25 கிலோ காற்றுக்கு நொடிக்கு 4.2 கிராம். மண்ணெண்ணெயின் அடர்த்தி 0.8 என்பதால் நிமிடத்துக்கு 320 மில்லி, மணிக்கு 19 லிட்டர்.

முழு வேகத்தில் தேவைப்படுவது இவ்வளவுதான். இந்த எஞ்சின் சுமார் 8 கிலோ உந்துவிசை தரும். சாதாரண டர்போ ஜெட்டுக்கு இது எதிர்பார்க்கக்கூடிய அளவுதான்.

இந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். காற்றும் எண்ணெயும் எடைக் கணக்கில் 59-க்கு 1. மண்ணெண்ணெய் மிச்சமின்றி எரிய 15-க்கு 1 போதும். அதாவது உள்ளே போகும் காற்றில் கால் பங்குதான் எரிவதற்கு. முக்கால் பங்கு, எரிந்த வாயுவைத் தணித்து டர்பைன் தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவருவதற்கு. இதன் பொருள் என்ன? நீங்கள் எண்ணெயை இரண்டு மடங்காக்கினாலும் அது எரிந்து தீரும், ஏனென்றால் எரிக்கக் காற்று மிச்சம் இருக்கிறது. வெப்பநிலை 1,200 டிகிரியைத் தாண்டிவிடும். பெட்ரோல் எஞ்சினில் எண்ணெய் அதிகமானால் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். இங்கே எஞ்சின் தன்னையே உருக்கிக்கொண்டு ஓடும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுச் சுற்றும்போது அதன் விளிம்பு நொடிக்கு 419 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த நிலையில் உலோகம் இளகினால் என்ன ஆகும் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "பெரிய பம்ப்பாகவே போட்டுவிடுவோம், எதற்கும் இருக்கட்டும்" என்ற பேச்சு கிணற்றுக்குப் பொருந்தும். இங்கே பொருந்தாது.

அடுத்தது ஹெட். எரிகலனுக்குள் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சுமார் 1.4 பார் இருக்கிறது. அதை எதிர்த்து எண்ணெய் உள்ளே போக வேண்டும். இது சின்னத் தொகை. பெரிய தொகை நாசிலில் இருக்கிறது. எண்ணெயைப் பனிப்புகைபோலச் சிதறடிக்க அழுத்தம் வேண்டும். தொழிற்சாலை எண்ணெய் பர்னர்களில் வரும் நாசில்களில் ஓர் எண் பொறித்திருப்பார்கள். 7 பார் அழுத்தத்தில் மணிக்கு எத்தனை அமெரிக்க கேலன் கடத்தும் என்பதே அந்த எண். ஒரு கேலன் என்பது 3.785 லிட்டர். அந்த 7 பாருக்குக் கீழே போகப் போகத் துளிகள் பருத்து, தெளிப்பு குழைந்து, சொட்டத் தொடங்கும்.

மூன்றாவது கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. நாசிலில் பாயும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பாய்ச்சல் இரு மடங்காக அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடில் நிலையில் முழு வேகத் தேவையில் கால் பங்கு, அதாவது நிமிடத்துக்கு 80 மில்லி போதும் என்று கொள்வோம். அப்போது நாசில் அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். முழு வேகத்தில் 40 பார் வைத்தால் ஐடிலில் வெறும் 2.5 பார். தெளிப்பு கெட்டுவிடும். ஐடிலில் 7 பார் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முழு வேகத்தில் 112 பார் வேண்டும். அது வேறு வகைப் பம்ப், வேறு வகைக் குழாய், வேறு வகை ஆபத்து. பம்ப்பின் உச்சத்தை மட்டும் பார்த்து வாங்குபவர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எஞ்சின் முழு வேகத்தில் அழகாக ஓடும். ஆனால் அந்த வேகம் வரை அதைக் கொண்டுபோக முடியாது.

வழி இரண்டு. முதல் வழி, நாசில்களைப் படிப்படியாகத் திறப்பது. ஒரு கேலன் நாசில் மூன்றை வையுங்கள். பற்றவைக்கும்போது ஒன்று மட்டும் திறந்திருக்கட்டும். 7 பாரில் அது நிமிடத்துக்கு 63 மில்லி தரும். ஐடிலுக்கு வந்ததும் அதே நாசிலை 14 பாருக்கு ஏற்றினால் 89 மில்லி. பிறகு மற்ற இரண்டையும் சோலனாய்டு வால்வு மூலம் திறந்தால், மூன்றும் சேர்ந்து 20 பாரிலேயே மணிக்கு 19 லிட்டர் தந்துவிடும். இரண்டும் திறக்கும் அந்த நொடியில் எண்ணெய் திடீரென்று எகிறாதபடி அழுத்தத்தை முதலில் தாழ்த்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 112 பார் என்று மிரட்டிய கணக்கு 20 பாருக்கு இறங்கிவிட்டது. எரிகலனின் 1.4 பார், குழாயிலும் வடிகட்டியிலும் போகும் 2 பார் எல்லாம் சேர்த்தாலும் 25 பாருக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது வழி, தெளிக்காமலே ஆவியாக்குவது. நம் வீடுகளில் இருந்த பம்ப் ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் சூடான பிறகுதான் பம்ப் அடிப்பார்கள். சூடான குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஆவியாகி, நீல நிறத்தில் எரியும். ஜெட்டிலும் அப்படியே. சுடருக்குள் நீண்டிருக்கும் குழாய்களில் எண்ணெயும் கொஞ்சம் காற்றும் போய், ஆவியாகி வெளியே வந்து எரிகின்றன. இது விளையாட்டு முறை அல்ல. நம் விமானப்படையின் கிரண் பயிற்சி விமானத்தின் முதல் வகையில் இருந்த வைப்பர் எஞ்சின் இந்த முறையில்தான் இயங்கியது. விட்டிலும் முதலில் ஆவியாக்கும் முறையோடுதான் போராடினார். 1940-இல் ஷெல் நிறுவனத்தின் ஐசக் லபக் கொண்டுவந்த தெளிப்பு பர்னர் வந்த பிறகே அவருக்கு வழி பிறந்தது.

ஆவியாக்கும் முறையில் பம்ப்புக்கு வேலை குறைவு. எரிகலனுக்கு 1.4 பார். ஒவ்வொரு குழாய்க்கும் எண்ணெய் சமமாகப் பிரிய, முன்னால் வைக்கும் மெல்லிய துளைக்குச் சுமார் 1.5 பார். வழியில் போவது அரை பார். மொத்தம் 3.4. பெட்ரோல் காரில் வரும் இன்ஜெக்ஷன் பம்ப் இந்த அழுத்தத்தைச் சிரமமில்லாமல் தரும். ஆனால் அந்தத் துளையின் அழுத்தத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் எரிகலனில் அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெயும் ஏறி இறங்கும், எஞ்சின் உறுமத் தொடங்கும். இந்த முறையின் குறை, ஸ்டவ்வின் குறையேதான்: குழாய் சூடாகும் முன் எண்ணெய் விட்டால் ஆவி வராது, சுடர் எகிறும். அதனால்தான் பலர் முதலில் எரிவாயுவில் பற்றவைத்துப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுகிறார்கள்.

இப்போது எந்த வகைப் பம்ப் என்று பார்ப்போம். நாசில் முறைக்கே 25 பார் என்றால், மண்ணெண்ணெயில் அது 318 மீட்டர் ஹெட். ஆயிரம் அடிக்கு மேல். டிஸ்சார்ஜோ நிமிடத்துக்கு ஒரு டம்ளர் சொச்சம். இந்த இரண்டு எண்களையும் பார்த்தவுடனே, சென்ட்ரிஃபியூகல் பம்ப் இங்கே உதவாது என்று இந்த அவையில் உள்ள பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். கியர் பம்ப்தான் சரி. ஆனால் சென்ட்ரிஃபியூகல் பம்ப்போடு பழகிய கைக்கு ஓர் எச்சரிக்கை. அதில் டெலிவரி வால்வை மூடினால் பம்ப் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு சும்மா சுற்றும். கியர் பம்ப்பில் டெலிவரியை மூடினால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். குழாய் வெடிக்கும், இல்லையேல் மோட்டார் கருகும். ஆகவே ரிலீஃப் வால்வு இல்லாமல் கியர் பம்ப்பை ஓட்டவே கூடாது. அதன் வழியாகத் திரும்பும் எண்ணெயைச் சக்ஷனில் விடாமல் டேங்குக்கே கொண்டுபோங்கள்.

அளவுக்கு வருவோம். தேவை 320 மில்லி. பம்ப்புக்கு ஒன்றரை மடங்கு, 480 மில்லி. இந்தக் கூடுதல் எதற்கு? எஞ்சின் வேகமெடுக்க என்று சிலர் சொல்வார்கள். இடை வேகத்திலிருந்து வேகமெடுக்கத் தேவைப்படும் மிகை, அந்த 320-க்குள்ளேயே கிடைத்துவிடும். கூடுதல் தேவைப்படுவது பம்ப்பின் உள்கசிவுக்கு, தேய்மானத்துக்கு, பாட்டரி இறங்கும்போது குறையும் வேகத்துக்கு. உள்கசிவை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைட்ராலிக் ஆயிலோடு ஒப்பிட்டால் மண்ணெண்ணெயின் பிசுக்குமை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. ஹைட்ராலிக் ஆயிலில் சோதித்துக் கேட்டலாகில் அச்சிட்ட எண்ணை மண்ணெண்ணெய்க்கு நம்பினால் ஏமாற்றம்தான். 80 சதவீதம் தேறும் என்று வைத்தால், 1,440 சுற்று மோட்டாருக்குச் சுற்றுக்கு 0.42 சிசி பம்ப் வேண்டும், 2,800 சுற்று மோட்டாருக்கு 0.21 சிசி. மோட்டாரோ மிகச் சின்னது. 25 பார், 480 மில்லி என்றால் எண்ணெய்க்குப் போகும் சக்தி 20 வாட்தான். பம்ப், மோட்டார் இழப்புகளைச் சேர்த்து 50 வாட், 12 வோல்ட்டில் 4 ஆம்பியர். இந்த 50 வாட் மோட்டார், எரிகலனில் 180 கிலோவாட் தீயை ஆட்டி வைக்கிறது. ஆகவே அதன் வயரிங்கிலும் வால்விலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பம்ப்பின் அளவில் தாராளமாக இருங்கள், வால்வு வழியே விடும் அளவில் கருமியாக இருங்கள். 480 மில்லி முழுவதும் எரிகலனுக்குள் போனால் டர்பைன் வாயில் 1,000 டிகிரியைத் தாண்டிவிடும். எண்ணெயின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வை எவ்வளவு திருகினாலும் 350 மில்லிக்கு மேல் போகாதபடி ஒரு தடையைப் பூட்டி வையுங்கள். மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் சோலனாய்டு வால்வை எரிகலனுக்கு மிக அருகில் வையுங்கள். சக்ஷனில் அகலமான குழாயும் சாதாரண வலையும் போதும். நுண்ணிய 10 மைக்ரான் வடிகட்டி டெலிவரிப் பக்கம் இருக்கட்டும். சக்ஷனில் அதை வைத்தால் பம்ப் எண்ணெய்க்குப் பதில் ஆவியைத்தான் இழுக்கும்.

ஒரு வரலாற்றுச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1937 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தின் ரக்பி நகரில் விட்டில் தன் முதல் எஞ்சினை ஓட்டினார். எண்ணெய் வால்வை மூடிய பிறகும் எஞ்சின் வேகமெடுத்துக்கொண்டே போனது. சுற்றி நின்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். காரணம் பிறகு தெரிந்தது. ஓட்டுவதற்கு முன்பே கசிந்த எண்ணெய் எரிகலனின் அடியில் தேங்கியிருந்தது. வால்வு மூடியபின் எரிந்தது அந்தத் தேக்கம்தான். உடனே எரிகலனின் அடியில் ஒரு வடிகால் வைத்தார்கள். ஜெட் எஞ்சினின் முதல் நாளே நமக்குத் தந்த பாடம் இது: பம்ப்பை நிறுத்துவது எஞ்சினை நிறுத்துவது ஆகாது, உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால். பற்றவில்லையா? வால்வை மூடுங்கள், வடித்துவிடுங்கள், ஊதியை வைத்து உள்ளே காற்றோட்டம் விடுங்கள், பிறகு மறுபடி முயலுங்கள். பம்ப்பின் மிகக் குறைந்த அளவு ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே முதல் சாட்சி. நிமிடத்துக்கு 60 மில்லியை நிதானமாகத் தர முடியாத பம்ப், ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் அந்தத் தேக்கத்தை உண்டாக்கும்.

"பம்ப்பே வேண்டாம், எரிவாயுவிலேயே ஓட்டிவிடலாமே?" என்று கேட்கலாம். சிறிது நேரத்துக்கு முடியும். சிலிண்டரின் சொந்த அழுத்தமே பம்ப்பின் வேலையைச் செய்யும். ஆனால் நொடிக்கு 4 கிராம் வாயு ஆவியாக ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் வெப்பம் வேண்டும். சிலிண்டர் அதைத் தன்னிடமிருந்தே எடுத்து, குளிர்ந்து, மேலே பனி படிந்து, அழுத்தம் இறங்கி, எஞ்சின் தானாக நின்றுவிடும். வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்கு எடுப்பது சட்டப்படியும் தவறு.

சோதனை எப்படி? எஞ்சினில் பூட்டுவதற்கு முன் பம்ப்பை மண்ணெண்ணெயிலேயே ஓட்டுங்கள். டெலிவரியில் பிரஷர் கேஜும் ஊசி வால்வும் வைத்து, வேலை அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, அளவு ஜாடியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். அழுத்தமில்லாமல் பிடித்த அளவு எதற்கும் உதவாது. முழு அளவு, ஐடில் அளவு, பற்றவைக்கும் அளவு என மூன்று இடத்திலும் பிடியுங்கள். குறைந்த அளவில் கேஜ் முள் துடித்தால் அந்தப் பம்ப் வேண்டாம். எஞ்சினை ஓட்டும் நாளில் முதலில் பேரிங்குக்கு ஆயில் அழுத்தம், பிறகு காற்று, பிறகு தீப்பொறி, கடைசியாக எண்ணெய். இந்த வரிசை மாறக் கூடாது. சக்கரம் சுற்றும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அருகில் இல்லாமல் மாணவர்கள் யாரும் இதைத் தொடவே கூடாது.

நிறைவாக இரண்டு வேண்டுகோள். மாணவர்களே, பம்ப் வாங்கப் புறப்படும் முன் ஒரு தாளில் மூன்று அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள்: முழு வேகம், ஐடில், பற்றவைப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அழுத்தத்தை எழுதுங்கள். மூன்றுக்கும் சரி என்று சொல்லும் பம்ப் சின்னதாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். பட்டறை நண்பர்களே, சுற்றுக்கு 0.2 சிசி தரும், மண்ணெண்ணெய்க்கு ஏற்ற இடைவெளி வைத்த கியர் பம்ப் உங்கள் கைக்கு எட்டாத வேலை அல்ல. இந்த மாணவர்கள் கேட்டு வரும்போது செய்து கொடுங்கள்.